சாய்தளமும் விளையாட்டு வண்டிப்பாதையும்: கதியைக் கற்பித்த வரலாறு

நாள்தோறும் பழகும் பொருள்களுட் சில, அப்பழக்கத்தினாலேயே நமது ஆராய்ச்சிக்குத் தப்பிவிடுகின்றன. கதி அவற்றுள் ஒன்று. ஓடும் புகைவண்டி விரைவானதென்றும் நடக்கும் எருது மெதுவானதென்றும் சிறு குழந்தையும் சொல்லும். ஆயினும், "இந்தக் கணத்தில் இவ்வண்டியின் கதி யாது?" என்னும் வினாவுக்குப் பொருளுண்டென்பதைக் கண்டுகொள்வதற்கே மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. நமது வகுப்பறைகளிலோ அது ஒரு பாடவேளையில் முடிந்துவிடுகின்றது. தூரத்தை நேரத்தால் வகுத்தாற் கதி வருமென்று கரும்பலகையில் எழுதுகின்றோம். மாணவர் அதனைப் படியெடுத்து மனனஞ் செய்து, சோதனையிலே சரியான விடையும் எழுதுகின்றனர். அவ்விடையை எழுதியவர் கதியை விளங்கிக்கொண்டாரா என்பது வேறு வினா.

இவ்வினாவை நேர்மையுடன் எதிர்கொண்ட ஆசிரியர் பலர், பிற நாடுகளிற் புதியதொரு கருவியைக் கையாளுகின்றனர். களியாட்டப் பூங்காக்களிற் காணப்படும் றோலர் கோஸ்டர் என்னும் மேடுபள்ள வண்டிப்பாதையின் சிற்றுருவே அது. நீளவாக்கிற் பிளந்த குழாய்களை இணைத்து மேடும் பள்ளமும் வளையமும் அமைத்து, அவற்றினூடே ஒரு போளையை உருளவிடுவர். அது எங்கே விரைகின்றது, எங்கே தளர்கின்றது, எவ்விடத்திற் பாதையை விட்டு விழுகின்றது என்பவற்றை மாணவரே நோக்கி அளந்து எழுதுவர். பார்வைக்கு இது விளையாட்டு. ஆனால் இதன் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. அறிஞரின் சாய்தளம் ஒருபுறமும் களியாட்டக்காரரின் சறுக்குமேடு மற்றொருபுறமுமாக வளர்ந்து வந்து, ஈற்றில் வகுப்பறையிலே சந்தித்த வரலாறு அது. அதனைச் சுருக்கமாக நோக்கி, நமது கற்பித்தலுக்கு அது கூறும் பாடம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைக் கிரேக்கர் இயக்கத்தைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர். ஒரே நேரத்திற் கூடிய தூரஞ் செல்வதே விரைவானது என்று அரிஸ்டோட்டில் வரையறுத்தார். எனினும், தூரத்தை நேரத்தால் வகுக்கும் வழக்கம் அவரிடம் இருந்ததில்லை. ஓரினத்தைச் சேர்ந்த இரு கணியங்களுக்கிடையேதான் விகிதம் கூறலாமென்பது கிரேக்க கணிதத்தின் கோட்பாடு. தூரத்தைத் தூரத்தோடும் நேரத்தை நேரத்தோடும் ஒப்பிடலாம். தூரத்தை நேரத்தோடு ஒப்பிடலாகாது. இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் தயக்கமின்றி எழுதும் வகுத்தற்கோடு, அவ்வறிஞர் கண்ணுக்கு முறையற்றதாகவே தோன்றியிருக்கும்.

அடுத்த பெரும்படி 14ஆம் நூற்றாண்டில் எடுத்துவைக்கப்பட்டது. ஒக்ஸ்போட்டிலுள்ள மேர்ட்டன் கல்லூரி அறிஞர்கள், மாறிக்கொண்டே செல்லும் கதியை எவ்வாறு கணிப்பதென ஆராய்ந்தனர். அவருள் ஒருவரான வில்லியம் ஹெய்ற்ஸ்பெரி 1335ஆம் ஆண்டளவில் ஒரு விதியை எடுத்துரைத்தார். ஓய்விலிருந்து புறப்பட்டுச் சீராகக் கதி கூடிச்செல்லும் பொருள், தன் இறுதிக் கதியின் அரைவாசிக் கதியுடன் சீராகச் செல்லும் வேறொரு பொருள் கடக்கும் தூரத்தையே அதே நேரத்திற் கடக்கும் என்பது அது. ஏறத்தாழ 1350இல் பிரான்சைச் சேர்ந்த நிக்கொலா ஒரேம் இதனை வரைபொன்றினால் நிறுவினார். நேரத்தைக் கிடைக்கோட்டிலும் கதியை நிலைக்கோட்டிலும் குறித்தால், முக்கோணத்தின் பரப்பே கடந்த தூரமாகும் என்றார். இத்துணை நுண்ணியராயிருந்தும் இவர்கள் ஒரு பொருளையேனும் உருட்டிப் பார்த்தாரல்லர். அவர்களுக்கு இது அறிவுப் பயிற்சியே. விழுங்கல்லோடு அதற்குத் தொடர்புண்டென்று அவர்கள் கருதவில்லை.

அத்தொடர்பைப் பரிசோதனையால் நிலைநாட்டியவர் கலிலியோ. 1592 முதல் 1610 வரை பதுவாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த காலத்தில் அவர் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். 1604ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் தம் நண்பர் பாவுலோ சார்ப்பிக்கு அவர் எழுதிய கடிதமொன்று இன்றும் உள்ளது. விழும்பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுமென்றும், சமமான நேரப் பகுதிகளிற் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என ஒற்றையெண்களாய் அமையுமென்றும் அதிற் கூறுகின்றார். இவை சரியான முடிவுகள். ஆனால் அவற்றுக்கு அவர் காட்டிய அடிப்படையோ பிழையானது. விழும்பொருளின் கதி, அது கடந்த தூரத்துக்கு விகிதசமமாகக் கூடுகின்றது என்பதே அவ்வடிப்படை. உண்மையிற் கதி கூடுவது தூரத்துக்கேற்பவன்று, நேரத்துக்கேற்பவே. தூரத்துக்கேற்பவே கதி கூடுமாயின், தூரம் சூனியமாயுள்ள தொடக்கத்திற் கதியும் சூனியமே. அப்பொருள் ஒருபோதும் நகரத் தொடங்காது. இவ்வெளிய நியாயம் அக்காலத்திற் கலிலியோவின் கண்ணுக்குப் புலப்படவில்லை.

பின்னர் அவர் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். அதுமட்டுமன்று, திருத்தியதை ஒளிக்கவுமில்லை. 1638இல் லெய்டன் நகரில் வெளியான 'இரு புதிய விஞ்ஞானங்கள்' என்ற நூல் உரையாடல் வடிவில் அமைந்தது. அதன் மூன்றாம் நாள் உரையாடலில் சக்ரேதோ என்னும் பாத்திரம் இதே பிழையைக் கூறுகின்றது. அதற்கு மறுமொழி கூறும் சல்வியாத்தி, நூலாசிரியரே ஒருகாலத்தில் இம்மயக்கத்திற் கிடந்தவர் என்று ஒப்புக்கொள்கின்றார். வீட்டுக்காவலில் இருந்து கண்பார்வையும் இழந்த முதியவர், உலகுக்கு விட்டுச்சென்ற இறுதி நூலிலே தம் பிழையைப் பதிவுசெய்து வைத்தமை, ஆசிரியத் தொழில் புரியும் நாம் மறக்கத்தகாத செய்தியாகும்.

அந்நூலில் அவர் விவரிக்கும் பரிசோதனை யாவரும் அறிந்தது. நேராக விழும் பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அக்காலத்து மணிக்கூடுகளால் அதனை அளத்தல் இயலாது. எனவே, வீழ்ச்சியை மெதுவாக்கும் வழியாகச் சாய்தளத்தைத் தேர்ந்தார். ஏறத்தாழ 12 முழ நீளமான மரப்பலகையில் விரலகலத்துக்குச் சற்று மேற்பட்ட தவாளிப்பொன்றை வெட்டி, வழவழப்பான தோல்தாளை அதில் ஒட்டி, பலகையின் ஒரு முனையை ஒன்றிரண்டு முழம் உயர்த்தி, வன்மையும் உருட்சியுமுள்ள வெண்கலக் குண்டொன்றை உருளவிட்டார். பெரிய பாத்திரமொன்றின் அடியிலுள்ள சிறுகுழாயால் ஒழுகும் நீரை ஏந்தி நிறுத்து நேரத்தைக் கணித்தார். பலகையின் காற்பங்கைக் கடக்கும் நேரம் முழுப்பலகையைக் கடக்கும் நேரத்தின் அரைவாசியென்று கண்டார். நூறு முறை செய்தும் முடிவு மாறவில்லையென எழுதினார்.

அவர் நிலைநாட்டிய மற்றொரு கருத்து நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. உயரம் ஒன்றேயாயின், சரிவு செங்குத்தாயினும் சாய்வாயினும், அடியை அடையும்போது பெறுங் கதி ஒன்றே என்பது அது. அதனை விளக்க ஊசலைக் காட்டினார். குண்டை நூலிற் கட்டித் தொங்கவிட்டு, நூலின் இடைவழியில் ஓர் ஆணியை அறைந்தார். ஆணி தடுத்தலாற் குண்டு வேறொரு வளைவிற் சென்றும், புறப்பட்ட உயரத்துக்கே ஏறிற்று. பாதை எத்தன்மைத்தாயினும், கதியைத் தீர்மானிப்பது இறங்கிய உயரமே. உராய்வு இல்லையெனக் கொண்டால், இன்றைய றோலர் கோஸ்டர் அனைத்தும் இவ்வொரு விதியின்மேலேயே ஓடுகின்றன.

இப்பரிசோதனையின் பிற்கால வரலாறும் சுவையானது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலெக்சாந்தர் கொய்ரே என்ற வரலாற்றறிஞர், ஒழுகும் நீரைக்கொண்டு இத்துணைத் திருத்தமாக அளத்தல் இயலாதென ஐயுற்றார். 1961ஆம் ஆண்டில் தோமஸ் செற்றில் என்ற ஆராய்ச்சி மாணவர், கலிலியோ கூறிய எளிய பொருள்களைக் கொண்டே அப்பரிசோதனையை மீளச்செய்து, அது இயலுமெனக் காட்டினார். மேலும், 1975இல் ஸ்ரில்மன் டிறேக் என்பவர் கலிலியோவின் கையெழுத்துத் தாளொன்றை ஆராய்ந்து புதியதொரு கருத்தை வெளியிட்டார். பலகையைச் சுற்றி நரம்புகளைக் கட்டி, குண்டு அவற்றின்மேல் ஏறிச்செல்லும் ஓசை தாளத்தோடு ஒத்துவரும்படி அவற்றை நகர்த்தி, சமநேரப் பகுதிகளைக் கலிலியோ பிரித்திருக்கலாம் என்பது அவர் கருத்து. கலிலியோவின் தந்தையார் வீணை போன்றதொரு நரம்பிசைக் கருவியில் வல்ல இசைவாணர் என்பதை நோக்கும்போது, இக்கருத்து பொருத்தமுடையதாகவே தோன்றுகின்றது. புளோரன்ஸ் நகரிலுள்ள கலிலியோ அருங்காட்சியகத்தில், பாதையின்மேல் சிறு மணிகள் தொங்கும் சாய்தளமொன்று இன்றும் உள்ளது. அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்பித்தலுக்கெனச் செய்யப்பட்டது. கதியைக் கண்ணாலன்றிச் செவியாற் காட்டிய கருவி அது.

கதியை அறிவதிலிருந்து அதன் வலிமையை அறிவதற்குச் சென்றவர் 18ஆம் நூற்றாண்டினர். லெய்டன் பேராசிரியர் கிராவசாண்டே, பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மென்களிமண்ணில் விழச்செய்தார். கதி இருமடங்காகும்போது களிமண்ணில் ஏற்படும் பள்ளம் இருமடங்கன்று, நான்கு மடங்கு என 1722இற் கண்டார். இம்முடிவின் சிறப்பை உணர்ந்து எடுத்துக்காட்டியவர் பிரெஞ்சுப் பெண்மணி எமிலி து சாத்தலே. தம் மகனுக்குக் கற்பிக்கும் நோக்குடன் 1740இல் அவர் வெளியிட்ட பௌதிக நூல், கதியின் வர்க்கத்துக்குள்ள இடத்தை வலியுறுத்திற்று. ஒரு தாய் மகனுக்காக எழுதிய பாடநூல் ஐரோப்பிய அறிஞரிடையே வாதத்தை எழுப்பியமை கல்வி வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது.

இனி மற்றைய கிளையை நோக்குவாம். ருஷ்ய நாட்டிலே பனிக்காலத்தில் மரத்தால் உயர்ந்த மேடை கட்டி, அதன் சரிவில் நீரூற்றி உறையவைத்துச் சறுக்கி விளையாடுதல் 17ஆம் நூற்றாண்டளவிலேயே வழக்கிலிருந்தது. பேரரசி கதரீன், ஒரானியன்பாம் அரண்மனைப் பூங்காவிற் சில்லுவண்டிகள் ஓடுஞ் சறுக்குமேடொன்றை அமைப்பித்தார். அம்மேடு அழிந்துபோயிற்று, அதற்கு முகப்பாயிருந்த மாளிகை மட்டும் நிற்கின்றது. 1817இல் பாரிஸ் நகரில், சில்லுகள் தடத்தைவிட்டு விலகாதபடி பூட்டப்பட்ட வண்டிகள் ஓடலாயின. அவ்விளையாட்டுக்கு 'ருஷ்ய மலைகள்' என்றே பிரெஞ்சு மக்கள் பெயரிட்டனர்.

அமெரிக்காவிலோ இதன் தொடக்கம் விளையாட்டன்று, உழைப்பு. பென்சில்வேனியாவின் மோக் சங்க் என்னுமிடத்தில், மலைமேலிருந்த நிலக்கரியை ஆற்றங்கரைக்கு இறக்க 1827இல் ஒரு தண்டவாளப்பாதை அமைக்கப்பட்டது. நிலக்கரி வண்டிகள் தம் நிறையாலேயே கீழே ஓடின. வெறும் வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துச்சென்றன. அப்பாதையிற் கட்டணஞ் செலுத்தி இறங்கி மகிழ்வதற்கு மக்கள் கூடினர். பிற்காலத்தில் அது முற்றாக உல்லாசப் பாதையாயிற்று. 1884இல் லாமார்கஸ் தொம்சன் என்பவர், நியூயோர்க்கைச் சார்ந்த கோனி ஐலண்ட் கடற்கரையில் 600 அடி நீளமான பாதையொன்றைத் திறந்தார். கட்டணம் 5 சதம். கதி மணிக்கு ஏறத்தாழ 6 மைல். ஒரு முனையிலிருந்து இறங்கிய வண்டி மறுமுனையின் உச்சியைத் தானாக அடையவில்லை. பணியாளர் அதனைத் தள்ளி ஏற்றவேண்டியிருந்தது. புறப்பட்ட உயரத்துக்கு மீள ஏறுமென்ற கலிலியோவின் விதிக்கும், உராய்வு நிறைந்த உலகுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை அப்பணியாளரின் தோள்கள் நன்கறிந்திருந்தன.

கதியின் விதியைப் புறக்கணித்தால் என்ன நேருமென்பதை அக்கடற்கரையே உலகுக்குக் காட்டிற்று. 1895இல் அங்கே முழுவட்ட வளையமுடைய பாதையொன்று அமைக்கப்பட்டது. ஏறியவர் பலர் கழுத்து நோவுற்றனர். காரணத்தை எளிய கணிதத்தால் அறியலாம். உராய்வில்லாத வட்டவளையத்தின் உச்சியை வண்டி விழாது கடப்பதற்கு, வளையத்தின் அடியிலிருந்து ஆரையின் இரண்டரை மடங்கு உயரத்திலிருந்தாவது அது இறங்கவேண்டும். அவ்வாறு இறங்கி அடியில் வட்டத்துட் புகுங்கணத்திலே, ஆசனம் மனிதனைத் தாங்கும் விசை அவன் நிறையின் ஆறு மடங்காகின்றது. ஒரு மடங்கிலிருந்து ஆறு மடங்குக்கு மாறுவது படிப்படியாயன்று, திடீரென்று. 1901இல் எட்வின் பிறெஸ்கொற் வளையத்தை நீள்வட்டமாக்கி நோவைக் குறைத்தார். 1976இல் கலிபோர்னியாவில் வேர்னர் ஸ்டெங்கல், அன்ரன் சுவார்ஸ்கொப் என்னும் ஜேர்மன் பொறியியலாளர் அமைத்த வளையம், கண்ணீர்த்துளியின் வடிவை ஒத்தது. கதி மிகுந்த அடியில் வளைவின் ஆரை பெரிது. கதி குறைந்த உச்சியில் ஆரை சிறிது. இருப்புப்பாதைப் பொறியியலாளர் முன்னரே அறிந்திருந்த வளைகோட்டை விளையாட்டுக்குப் பயன்படுத்தியதே அவர்கள் செய்தது. கதி ஒவ்வோரிடத்தும் வேறு என்பதை உணர்ந்தவரால் மட்டுமே அவ்வடிவை நினைக்க முடியும்.

இவ்விரு கிளைகளும் வகுப்பறையிற் சந்தித்தமைக்குக் காரணம், மாணவர் எவ்வாறு சிந்திக்கின்றனரென்பதை அறிஞர் ஆராயத் தலைப்பட்டமையே. குழந்தை முதலில் உணர்வது நேரத்தையா கதியையா என்று ஐன்ஸ்டீன் ஒருமுறை ஜீன் பியாஜேயிடம் வினவினார். அவ்வினாவின் விளைவாக எழுந்த பியாஜேயின் நூல் 1946இல் வெளிவந்தது. நீளம் வேறான இரு சுரங்கங்களுள் இரு பொம்மைகள் ஒருங்கே புகுந்து ஒருங்கே வெளிவரின், அவை ஒரே கதியிற் சென்றன என்றே சிறு குழந்தைகள் கூறினர். நீளத்தை அவர்கள் கருதவில்லை; ஒருங்கே வந்ததை மட்டுமே கருதினர். இது குழந்தைகளின் குறைபாடெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் 1980இல் ட்றோபிறிட்ஜ், மக்டேர்மற் என்னும் இருவர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரிடையே இதனையொத்த மயக்கத்தைக் கண்டனர். இரு தடங்களில் உருளும் இரு குண்டுகள் எக்கணத்தில் ஒரே கதியுடையன என்று வினவியபோது, ஒன்றையொன்று தாண்டும் கணத்தைப் பலர் சுட்டினர். ஓரிடத்தில் இருத்தலையும் ஒரு கதியில் இருத்தலையும் அவர்கள் ஒன்றெனக் கொண்டனர். அவர்களுக்குச் சூத்திரம் தெரியாமலில்லை.

இங்கிலாந்தில் 1962இல் தொடங்கிய நபீல்ட் விஞ்ஞானக் கல்வித் திட்டம், இத்தகைய மயக்கங்களைச் செய்கையாற் களைய முயன்றது. சாய்தளத்தில் ஓடும் சிறுவண்டியின் பின்னே காகித நாடாவைக் கட்டி, செக்கனுக்கு 50 புள்ளிகள் இடும் அதிர்வுக் கருவியினூடாக அதனைச் செலுத்தினர். நெருங்கிய புள்ளிகள் தளர்ந்த கதியையும் அகன்ற புள்ளிகள் விரைந்த கதியையும் காட்டின. அந்நாடாவை ஒத்த பகுதிகளாக வெட்டி அருகருகே ஒட்டினால், ஒரேமின் வரைபு தானே எழுந்து நிற்கும்.

மாதிரி வண்டிப்பாதை இவையனைத்தினும் எளியது. நமது பள்ளிகளிலும் செலவின்றிச் செய்யத்தக்கது. 160 சதமமீற்றர் நீளமான நேரிய தடமொன்றின் ஒரு முனையை ஏறத்தாழ 18 சதமமீற்றர் உயர்த்தி, மேல்முனையிலிருந்து 10, 40, 90, 160 சதமமீற்றர் தூரங்களில் மெல்லிய நூலைக் குறுக்கே கட்டிப் போளையை உருட்டுக. நூலைத் தாண்டும் ஓசைகள் ஏறத்தாழ அரைச் செக்கனுக்கு ஒன்றாகச் சம இடைவெளியிற் கேட்கும். தூரங்கள் சமமல்ல, ஓசைகளோ சமம். பின்னர் நூல்களைச் சமதூரத்திற் கட்டி உருட்டினால் ஓசைகள் நெருங்கி நெருங்கி வரும். இவ்விரண்டையுங் கேட்ட மாணவனுக்கு ஆர்முடுகல் என்ற சொல் வெறுஞ்சொல்லாயிராது.

அடுத்து, வளையமொன்றை அமைத்து, எவ்வுயரத்திலிருந்து விட்டாற் போளை அதனைச் சுற்றிவருமென முன்கூட்டியே எழுதச்சொல்லுக. வளையத்தின் உச்சியளவு உயரம் போதுமென்றே பெரும்பாலோர் எழுதக்கூடும். ஆரை 10 சதமமீற்றராயின் உச்சி 20 சதமமீற்றர். அங்கிருந்து விட்ட போளை இடைவழியிலே பாதையைவிட்டு விழும். உச்சியில் இருப்பதற்கு உயரம் போதும். உச்சியைக் கடப்பதற்குக் கதியும் வேண்டும். உராய்வற்ற வழுக்கலுக்கு 25 சதமமீற்றர் போதும். உருளும் போளை சுழல்வதற்கும் சக்தியைச் செலவிடுதலால் 27 சதமமீற்றராவது வேண்டும். தடத்தின் உராய்வு அதனை மேலும் உயர்த்தும். எழுதிய விடைக்கும் கண்ட உண்மைக்கும் இடையேயுள்ள அந்த வேறுபாடே பாடம். பிழையென்று கூறியவர் ஆசிரியரல்லர், போளையே கூறிற்று. ஆகவே அங்கே நாணத்துக்கு இடமில்லை. மீண்டும் முயல்வதற்கே இடமுண்டு.

இவற்றுக்கெல்லாம் நேரமெங்கே, பாடத்திட்டத்தை முடிப்பதெப்போது என்று ஆசிரியர் சிலர் வினவலாம். அவ்வினாவில் நியாயமுண்டு. சோதனை நெருங்கும்போது ஆசிரியரும் பெற்றோரும் படும் கவலை சிறிதன்று. ஆனால் கதியைச் சூத்திரமாக மட்டும் கற்றவன் நாளை வீதியில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுகின்றான். கதியை இருமடங்காக்கினால் தடுப்பை அழுத்தியபின் வண்டி நிற்பதற்குரிய தூரமும் இருமடங்கே என்று அவன் உள்ளம் எண்ணுகின்றது. கிராவசாண்டேயின் களிமண்ணோ நான்கு மடங்கென்று 1722லேயே கூறிவிட்டது. சோதனைத்தாளில் இழக்கும் புள்ளிகளை அடுத்த ஆண்டிற் பெறலாம். வீதியில் இழப்பதைப் பெறுதல் அரிது. இரு பாடவேளைகளைச் செலவிடத் தயங்குவோர் இதனையுஞ் சிந்தித்தல் நன்று.

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் பாடம் ஒன்றே. அரிஸ்டோட்டில் எழுதத் துணியாததை, ஒக்ஸ்போட் அறிஞர் உருட்டிப் பாராததை, கலிலியோ முதலிற் பிழையாகக் கொண்டதை, நம் மாணவன் ஒரு பாடவேளையில் விளங்கிக்கொள்ள வேண்டுமென எதிர்பார்த்தல் முறையன்று. தூரங்கூடக் கதியும் அதே விகிதத்திற் கூடுமென்று ஒரு மாணவன் கூறுவானாயின், அவன் மந்தனல்லன். 1604ஆம் ஆண்டுக் கலிலியோ நின்ற இடத்தில் நிற்கின்றான். அங்கிருந்து அவனை அடுத்த படிக்கு அழைத்துச்செல்வது ஆசிரியர் கடன். அதற்குச் சரிந்த தடமொன்றும் ஒரு போளையும் அவன் விடையைப் பொறுமையுடன் கேட்கும் ஆசிரியர் ஒருவரும் போதும்.